நல்ல நேரத்தில் திருப்பிய சாவி

என் வீட்டுக்காரருக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் இருக்கின்றன. மற்ற மூன்றும் வீட்டுக் கதவில் மாட்டிப் போனதாக ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவு தகரக் கதவு. காற்றடித்தால் தானே திறந்துகொள்ளும். ஒரு பூனையின் வாலைக்கூட அது பிடித்ததில்லை. மூன்று விரல்களையும் ஒரே இழுப்பில் எடுத்தது சிவகாசி ரோட்டோரம் இருக்கிற மரப் பட்டறையின் டேபிள் ரம்பம். கதவு என்று எழுதச் சொன்னவர் பட்டறை முதலாளி. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆறு ஆப்பிளோடு வந்தார்.

"கதவுன்னே சொல்லுங்க. பட்டறைன்னு சொன்னா பத்துப் பேரு பொழப்பு போயிரும்" என்றார்.

சொன்னோம். ஆப்பிளை எந்தக் கையால் பிடித்துக் கடிப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

நானும் அதே பட்டறைதான். டேபிள் ரம்பம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு இரும்பு மேசை. நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாகப் பல் வைத்த வட்டத் தகடு பாதி வெளியே தெரியும்படி சுற்றும். முன்னால் நிற்பவர் பலகையைத் தள்ள வேண்டும், பின்னால் நிற்பவர் அறுபட்டு வருவதை வாங்க வேண்டும். முன்னால் அவர், பின்னால் நான். பதினோரு வருடம் நடுவில் ஒரு பிளேடை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினோம். அவர் கை போன மறு வாரமே அண்ணாச்சி என்னை முன்னால் நிறுத்திவிட்டார். "ஒனக்குத்தான் தாயி அளவு தெரியும்" என்றார். எனக்கு இருந்த இன்னொரு வழி பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன். பட்டறையைப் பற்றி எங்கள் தெருவில் ஒரே ஒரு நல்ல வார்த்தை உண்டு: அங்கே வெடிக்காது.

பிளேடை மூடுவதற்கு ஒரு தடுப்பு இருந்தது. வாங்கிய அன்றே அதைக் கழற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். அது இருந்தால் வேலை மெதுவாகும் என்றார்கள். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைத்து மாலை போடுவோம். சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றால் பீரோவிலிருந்து தலைக்கவசமும் கையுறையும் வெளியே வரும். சுற்றுகிற ரம்பத்தின் முன்னால் கையுறை போட்டு நிற்பது, விரலுக்குப் பதில் முழுக் கையையும் கொடுக்கிறேன் என்று சொல்வதற்குச் சமம். நூல் ஒரு பல்லில் மாட்டினால் போதும். ஆபீசர் படம் எடுத்துக்கொண்டு போவார். கையுறை திரும்பவும் பீரோவுக்குப் போகும். எங்கள் பட்டறையில் அதிகப் பாதுகாப்போடு இருந்தது அந்தக் கையுறைதான்.

போன வருடம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி டைரி வைப்பதற்கு மரப்பெட்டி கேட்டது. பெரிய ஆர்டர். பெட்டி பார்க்க வருவார்கள் என்று நினைத்தோம். பட்டறை பார்க்க ஒரு அம்மாவை அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா சுவரில் மாலையோடு தொங்கிய தடுப்பைப் பார்த்துவிட்டு, "யாராவது இறந்துட்டாங்களா?" என்று கேட்டது. அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. புது ரம்பம் வாங்கினால்தான் ஆர்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. விரல் பட்டால் தானே நின்றுவிடும் ரம்பமாம். மூன்று விரலுக்கு வராத ரம்பம் டைரிப் பெட்டிக்கு வந்தது.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதை இறக்கினார்கள். கம்பெனி என்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர், தன்மையாகப் பேசுகிறவர். பிளேடில் லேசாக மின்சாரம் ஓடும், விரல் தொட்டதும் மிஷின் அதைக் கண்டுகொள்ளும், கண் சிமிட்டுவதற்குள் கீழே ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்விவிடும் என்று விளக்கினார். அதற்குப் பெயர் பிரேக் பெட்டி. ஒரு தடவை பாய்ந்தால் பெட்டியும் போய்விடும், பிளேடும் போய்விடும், புதிதாக மாட்ட வேண்டும். செய்து காட்டுவதற்காகப் பையிலிருந்து எதையோ எடுத்தார். விரல் தடிமனில், கறி நிறத்தில் இருந்தது.

"என்ன அது?" என்றார் அண்ணாச்சி.

"சாசேஜுங்க. கறி அடைச்சது. விரல் மாதிரியே இருக்குமுங்க."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பட்டறைக்குள்ள கவுச்சியக் கொண்டாந்திருக்கீகளே! மொதல்ல வெளிய வையிங்க!"

கடைசியில் வாழைப்பழத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். என்ஜினியர் பழத்தை உரித்து, கையில் பிடித்தபடி, சுற்றுகிற பிளேடை நோக்கித் தள்ளினார். டமார் என்று ஒரு சத்தம்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் என்னவென்று பார்ப்பதில்லை. ஓடுவோம். பார்த்தவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை. அறுத்த பலகையைச் சிரிஷ் தாளால் வழவழவென்று தேய்க்கிற என் தோழி இரண்டு வெடி விபத்தில் தப்பியவள், அவள்தான் முதலில் போனாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்கு முன்னால், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி. ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றுதான் மூச்சு விட்டோம். உள்ளே என்ஜினியர் மட்டும் பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா, எங்க போறீங்க? பிளேடு நின்னுருச்சு, வந்து பாருங்க!" என்று கத்தினார்.

"நீங்க மொதல்ல வெளிய வாங்க! ரெண்டாவது வெடி பின்னாடி வரும்!" என்று தோழி இங்கிருந்து கத்தினாள்.

திரும்பி வந்து பார்த்தபோது பழத்தில் ஒரு கோடுதான் இருந்தது. நகத்தால் கீறினது போல. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இது இருந்திருந்தால் என்று மனசு போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணாச்சி இன்னும் ஆறு ஆப்பிள் வாங்கியிருப்பார்.

பிரேக் பெட்டியை மாற்றிவிட்டு என்ஜினியர் ஒரு சாவியைக் கொடுத்தார். அப்போது அண்ணாச்சி லாரி லோடு விஷயமாகப் போனில் கத்திக்கொண்டிருந்தார். என்ஜினியர் சாவியைப் பற்றி என்னவோ விளக்கினார். அண்ணாச்சி ஒரு காதை அவரிடமும் ஒரு காதைப் போனிலும் வைத்துக்கொண்டு "ம், ம்" என்றார். நான் பழைய ரம்பத்தை நகர்த்துவதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாவி வெள்ளித் தட்டுக்குப் போனது, குங்குமம் வாங்கியது, சாமி படத்தடியில் உட்கார்ந்தது.

மறுநாளிலிருந்து ஒரு சடங்கு தொடங்கியது. காலையில் வந்ததும் மெயின் சுவிட்சைப் போடுவார்கள். நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி வருவார். எங்கள் ஊரில் அச்சடித்த நாட்காட்டிதான், அவர் சொந்தக்காரர் பிரஸ்ஸிலேயே அடித்தது. சாவியைக் கண்ணில் ஒற்றி, ரம்பத்தின் பக்கவாட்டில் இருக்கிற துளையில் போட்டு, தன் கையாலேயே ஒரு திருப்புத் திருப்புவார். பிறகு நான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். ரம்பம் ஓடும். சாவி திரும்பவும் தட்டுக்குப் போகும். ஒரு நாள் அவர் வர மதியமாகிவிட்டது. அதுவரைக்கும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாவி போடாமல் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பைக் சாவி போடாமல் ஓடுமா? இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

ரம்பத்தின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. அது நாள் முழுக்க மினுக்கிக்கொண்டே இருக்கும். கண் சிமிட்டுகிறது, விழித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எப்படி மாறிப்போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். பலகையைத் தள்ளுவதற்கு ஒரு தள்ளுகட்டை வைத்திருந்தேன். கைக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும். ஆறு வருடம் அது இல்லாமல் நான் ஒரு பலகை அறுத்ததில்லை. புது ரம்பம் வந்த மூன்றாம் நாளே அதை மேசைக்கடியில் போட்டுவிட்டேன். விரலாலேயே தள்ளினேன். தள்ளிக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் திரும்பிக் கதை பேசினேன்.

"ஏடி, விரலப் பாருடி" என்பாள் தோழி.

"அது நின்னுக்கிரும்டி. ரேசன் கடை மிஷின்கூட என் விரல விரல்னு ஒத்துக்கிட மாட்டேங்குது. இது ஒத்துக்கிடுது."

அது உண்மை. ரேசன் கடையில் என் வீட்டுக்காரருக்கு வைக்க வலது கட்டைவிரல் இல்லை. இடது கை விரல்களின் ரேகையெல்லாம், பட்டறைக்கு வருமுன் பார்த்த பட்டாசு வேலையில் மருந்து பட்டுத் தேய்ந்துபோயிற்று. மாதாமாதம் நான்தான் போக வேண்டும். என் விரலுக்கும் அந்த மிஷின் நாலு தடவை இல்லை என்று சொல்லும். ஐந்தாவது தடவை போனால் போகிறது என்று அரிசி போடும்.

ஆயுத பூஜை வந்தது. ரம்பத்துக்கு மாலை, பிளேடுக்குச் சந்தனம், நாலு மூலைக்கும் பொரி. புது மிஷினுக்கு முதல் பூஜை என்பதால் பிளேடிலேயே எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்குவது போல, மிஷினுக்குத் திருஷ்டி கழிக்க இது.

"அண்ணாச்சி, ஈரப் பழம், கையால வேற பிடிக்கணும். இது விரல்னு நெனச்சு நின்னுக்கிரும். பிளேடு போயிரும்" என்றேன்.

"சாமி காரியம் தாயி. நிக்காது. நீ வெட்டு."

பிளேடு அவருடையது. நான் பழத்தைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் பட்டறையே தயாராக இருந்தது. தோழி வாசல் நிலையில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றாள். காதைப் பொத்தியவர்கள், செருப்பை மாட்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் வேப்பமரம் எந்தப் பக்கம் என்று தெரியும். கற்பூரத் தட்டை ஏந்தியிருந்த அண்ணாச்சியே அரை அடி பின்னால் போனார். நான் மட்டும் பயப்படவில்லை. வாழைப்பழக் கோட்டை நினைத்துக்கொண்டு, வெறும் விரலால் பழத்தைத் தள்ளினேன்.

சத்தமே வரவில்லை. பழம் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் உருண்டது. சாறு என் முகத்தில் தெறித்தது.

"பாத்தியா! சாமி காரியம்னா மிஷினும் வழிவிடும்!" என்று அண்ணாச்சி சூடத்தைக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் என் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு ஓரத்தைக் காணோம். சதை போகவில்லை. ஒரு நூல் தள்ளியிருந்தால் போயிருக்கும். வாழைப்பழத்துக்கு நின்ற மிஷின் எலுமிச்சம்பழத்துக்கு நிற்கவில்லை. அப்படியென்றால் என் விரலுக்கு மட்டும் நின்றிருக்குமா? ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பிளேடுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கதை பேசியிருக்கிறேன். பொரி மேலேயே உட்கார்ந்தேன். தோழி சுண்டல் கொண்டுவந்து தந்தாள். அதை ஓரமாக வைத்தேன்.

மிஷின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அதே என்ஜினியர்தான் எடுத்தார்.

"லைட்டு எப்படி எரியுதுங்க்கா? நின்னு எரியுதா, மினுக்குதா?"

"மினுக்குது."

"சாவி யாருங்க்கா திருப்புனது?"

"அண்ணாச்சி. தெனமும் நல்ல நேரம் பாத்துத் திருப்புவாக."

அவர் மெதுவாகச் சொன்னார். "அக்கா, அந்தச் சாவி மிஷின ஓட வைக்கறதுக்கு இல்லைங்க. சாவி இல்லாமயே ஓடும். ரொம்ப ஈரமான பலகை அறுக்கறப்ப மட்டும், விரல் பாக்குற வேலைய நிறுத்தி வைக்கறதுக்கு அந்தச் சாவி. திருப்புனா அன்னிக்கு முழுக்க அது கண்ண மூடிக்கும். மெயின் சுவிட்ச அணைச்சுப் போட்டாத் தானா முழிச்சுக்கும்."

ஆக, தினமும் காலையில் முழித்துக்கொண்ட மிஷினை, நாட்காட்டி பார்த்து, கண்ணில் ஒற்றி, கும்பிட்டுக் கண்ணை மூட வைத்திருக்கிறார் எங்கள் அண்ணாச்சி. ராகு காலத்தில் ஒரு நாள்கூட அந்தத் தப்பு நடக்கவில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. என் போனை வாங்கி என்ஜினியரிடம் அவரே பேசினார். "ம், ம்" என்றார். இந்தத் தடவை இரண்டு காதையும் கொடுத்துக் கேட்டார். போனை வைத்துவிட்டுச் சாவியைத் தட்டிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த மனுஷனைப் பார்த்துப் பாவம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு.

ஏனென்றால் நிமிர்ந்தவர் கேட்டது இது. "அப்ப இத்தன நாளு மூடித்தான ஓடுச்சு? யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல?"

"என் நகத்தப் பாருங்க அண்ணாச்சி."

"நகம் வளரும் தாயி. டைரி சீசன் வந்துருச்சு, மழையும் வந்துருச்சு. பலகையெல்லாம் நனஞ்சு வருது. ஈரத்துக்கெல்லாம் இது டமார் டமார்னு நின்னா, எம்புட்டுப் பிளேடு வாங்குறது? சீசன் முடியட்டும். அதுவரைக்கும் மூடியே இருக்கட்டும்."

"நீங்க முன்னால நிப்பீகளா?"

நாட்காட்டியில் நல்ல நேரம் பார்க்கப் போய்விட்டார். தெரியாமல் செய்த வரைக்கும் அது தப்பாக இருந்தது. தெரிந்த பிறகு அதுவே நிர்வாகம் ஆகிவிட்டது. வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள், பட்டறை பார்க்க வந்த அந்த அம்மாவுக்காக. 'உங்கள் விரல் எங்கள் செல்வம்' என்று அச்சடித்திருந்தது. அச்சு நல்ல அச்சு. எங்கள் ஊரில் அச்சுக்குக் குறை சொல்ல முடியாது.

வேலையை விட்டுவிடலாம் என்றால் திரும்பவும் அந்த வேன்தான். தள்ளுகட்டையை மேசைக்கடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். அது போதாது. என் வீட்டுக்காரரும் தள்ளுகட்டை வைத்திருந்தவர்தான். அன்றைக்குப் பலகையில் கணு இருந்தது, பலகை துள்ளியது, கட்டை ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. பின்னால் நின்று அந்தப் பலகையை வாங்கியவள் நான். பலகையோடு வந்ததையும் நான்தான் வாங்கினேன்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் பட்டறையைக் கூட்டிவிட்டு, தட்டிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். திருட்டுத்தான். சாமியிடமிருந்து வேறு. சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போது ஒரு பட்டாசு ஆலை வாசலில் வாட்ச்மேன். உள்ளே போகிறவர்களின் செல்போன், பீடி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டு வைப்பது அவர் வேலை. நேராக அங்கே போனேன்.

"இதையும் போடுங்க" என்றேன்.

"யாரு சாவி?"

"விரலு போற சாவி."

வலது கையில் இருக்கிற இரண்டு விரலால் வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டார்.

காலையில் பட்டறையே தலைகீழாகக் கிடந்தது. தட்டைக் கவிழ்த்தார்கள், மரத்தூளைச் சலித்தார்கள், எலி இழுத்திருக்கும் என்று படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். நான் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ரம்பம் ஓடியது. விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது.

"சாவி எங்க தாயி?" என்றார் அண்ணாச்சி.

"சாமி காரியம் அண்ணாச்சி. மிஷினும் வழிவிட்டிருச்சு."

அவருக்குப் புரிந்துவிட்டது. புது சாவி கேட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார். எதற்காக வேண்டும், ரம்பத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று எழுதி முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றார்களாம். அண்ணாச்சி கதவு என்று எழுதுவார், பூனை என்று எழுதுவார், தன் பெயரை மட்டும் எழுத மாட்டார். ஈரப் பலகையை மாடிக் கொட்டகையில் காயப்போட்டு எடுத்துவர ஆள் வைத்தார். ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். உலகம் அழிந்துபோகும் என்றுதான் அதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழி தொடக்கத்தில், டைரிப் பெட்டிக்கு மூடி அறுத்துக்கொண்டிருந்தேன். பலகைக்குள் வெளியே தெரியாத ஒரு கணு. பலகை துள்ளியது. தள்ளுகட்டை எகிறிப் போனது. கை சறுக்கியதை நானே பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது. டமார்!

பட்டறை காலி. தோழி, தேய்ப்பவர்கள், ஆபீஸ் ரூமிலிருந்து ஒற்றைச் செருப்போடு அண்ணாச்சி, எல்லோரும் வேப்பமரத்தடியில். நான் மட்டும் ஓடவில்லை. இடது கட்டைவிரலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கீறல், முள் கிழித்தது போல. அதிலிருந்து ரத்தம் மெல்லத்தான் வந்தது, அவசரமில்லாமல்.

"தீ தெரியுதா?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி கத்தினார்.

"தீயெல்லாம் இல்ல! வாங்க!"

வந்தவர் முதலில் பிளேடைப் பார்த்தார். அது அலுமினியக் கட்டைக்குள் பல் பதித்து நின்றது. "பிளேடு போச்சே" என்றார். அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய்விட்டது. பழக்கம் விடவில்லை போல. குரலைத் தணித்து, "ஆஸ்பத்திரியில கேட்டா… கதவு…" என்று தொடங்கினார்.

"கீறலுக்குமா அண்ணாச்சி கதவு?" என்றேன். தோழி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தாள்.

சாயங்காலம் ஆலை வாசலில் போய் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கீறலைப் பார்க்கவில்லை அவர். என் கையைத் திருப்பித் திருப்பி விரல்களைத்தான் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டிக்கு இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரம் ரேசன் கடைக்குப் போனேன். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. வலது கட்டைவிரலை வைத்தேன். மிஷின் இல்லை என்றது.

"வேற விரல் வைங்க" என்றார் கடைக்காரர்.

ஆள்காட்டி விரலை வைத்தேன். அதற்கும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைக்காரர் எரிச்சலோடு, "இன்னும் எம்புட்டு விரல்மா வைப்பீக?" என்றார்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணொண்ணா வைக்கேன்" என்று நடுவிரலை நீட்டினேன்.